‘தங்கக் கல்லறை’யைத் திரையில் மீட்கலாமா? டைகர் படத்தை மறுஎடிட் செய்ய ஒரு யோசனை

வடசேரி வாசகன்:

‘ப்ளூபெர்ரி’ என்ற பிரெஞ்சு கௌபாய் காமிக்ஸின் நாயகன்தான் தமிழில் நமக்குக் கேப்டன் டைகர். அவரைப் படித்து வளர்ந்த நம்மில் பலருக்கு 2004-ல் வந்த ‘ப்ளூபெர்ரி’ படம் இன்னும் ஆறாத வருத்தம். ழான் கூனென் இயக்கம், வின்சென்ட் கஸெல் நாயகன். அமெரிக்காவில் ‘ரெனகேட்’ என்று வேறு பெயரில் வந்தது. ழான்-மிஷேல் சார்லியே என்பவர் எழுதி ழான் ஜிரோ வரைந்த ஆல்பங்களில், 1972-ல் வெளியான இரண்டைத்தான் இந்தப் படம் கையில் எடுத்தது. நமக்கு அந்த இரண்டும் சேர்ந்து ‘தங்கக் கல்லறை’. முதலில் கறுப்பு வெள்ளையில் படித்தோம், பிற்பாடு வண்ணத்திலும் கிடைத்தது.

அந்தக் கதை எவ்வளவு கெட்டியானது என்று யோசித்துப் பாருங்கள். பலோமிட்டோ என்கிற சின்ன ஊரில் டைகர் மார்ஷலாக இருக்கிறார். தங்கச் சுரங்கம் இருக்கும் இடம் தெரியும் என்று சொல்லித் திரிகிற லக்னர். அவனைத் துரத்தி வரும் பரிசுப்பண வேட்டைக்காரர்கள். தங்க ஆசை தலைக்கேறி டைகரை விட்டுவிட்டு லக்னரோடு கிளம்பிவிடும் நண்பன் ஜிம்மி. எல்லோரும் போய்ச் சேருவது சூப்பர்ஸ்டிஷன் மலையில். அங்கே பாறை மறைவில் இருந்து யாரோ தங்கத் தோட்டாவால் சுடுகிறார்கள். யார் என்று இங்கே சொல்ல மாட்டேன், இனிமேல் படிக்கப்போகிறவர்களும் இதை வாசிப்பார்கள்.

படத்தில் பெயர்கள் இருக்கின்றன, மலையும் இருக்கிறது. ஆனால் டைகருக்கு ஒரு சோகமான இளமைக் காதல் வந்துவிட்டது. செவ்விந்தியர்களிடம் வளர்ந்த கதை வந்துவிட்டது. கடைசியில் வில்லனோடு துப்பாக்கி எடுக்க வேண்டிய இடத்தில், இரண்டு பேரும் மூலிகைச் சாறு குடித்துத் தரிசனம் காண்கிறார்கள். கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் அது ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது.

என் யோசனை இதுதான். 124 நிமிடப் படத்தை 85 நிமிடம் அளவுக்குக் குறைக்கலாம். இளமைக்கால முன்கதையை முழுசாக எடுத்துவிட்டு, பலோமிட்டோவில் மார்ஷலாக டைகர் நிற்பதில் இருந்து படத்தைத் தொடங்கலாம். காமிக்ஸும் அங்கேதான் தொடங்குகிறது. தங்கத்தைத் தேடிப் போகும் பயணத்தை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளலாம். கடைசித் தரிசனத்தை ஒரு நிமிடத்துக்குள் சுருக்கலாம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எடிட்டிங் தெரிந்தவர்கள் கைகொடுத்தால் செய்துவிடலாம். நாமே உட்கார்ந்து பார்க்கத்தான்.

தக்கலைத் தம்பி:

அண்ணே, நான் முதல் ஆளாகக் கையைத் தூக்குகிறேன். இதற்கெல்லாம் முன்னோடி இருக்கிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் எபிசோடை ஒரு ரசிகர் சுமார் 20 நிமிடம் குறைத்து ‘ஃபேன்டம் எடிட்’ என்று செய்தார். 2001-ல் அது கைமாறிக் கைமாறி உலகம் பூராவும் போனது. ‘ஹாபிட்’ மூன்று படங்களையும் ஒரே படமாகச் சுருக்கியவர்கள் பல பேர். அதிலும் காரணம் இதே மாதிரிதான்: சின்னப் புத்தகம், அதில் இல்லாதது எல்லாம் படத்தில் இருந்தது.

காமிக்ஸ் படம் என்றால் ‘டேர்டெவில்’ நல்ல உதாரணம். 2003-ல் தியேட்டருக்கு வந்தது 103 நிமிடம். அடுத்த வருடம் இயக்குநரின் வடிவம் 133 நிமிடமாக வந்தது. வெட்டிப்போட்ட ஒரு கோர்ட் வழக்கு முழுசாகத் திரும்பி வந்தது, காதல் பகுதி குறைந்தது. பார்வையற்ற வக்கீல் என்கிற காமிக்ஸ் பாத்திரம் அதில்தான் எனக்குத் தெரிந்தது. எடிட் டேபிளில் படம் இந்த அளவுக்கு மாறும்.

கோட்டாறு அண்ணாச்சி:

தம்பி சொன்ன உதாரணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேர்டெவில் இயக்குநர் கையில் எடுத்து வைத்த காட்சிகள் மிச்சம் இருந்தன. நம்மிடம் டிஸ்க்கில் இருப்பது மட்டும்தான். குறைக்கலாம், கூட்ட வழியில்லை.

அதனால்தான் எனக்கு ஜிம்மியைப் பற்றிக் கவலை. நான் ‘தங்கக் கல்லறை’யைப் படித்தது வடசேரி பஸ் ஸ்டாண்டில் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்த கடையில் வாங்கி. சின்ன வயதில் எனக்கு அது தங்கப் புதையல் கதை. வேலைக்குப் போய், கூட்டாளிகளோடு பணம் போட்டு, அந்தப் பணத்தால் சிலரோடு பேச்சுவார்த்தை நின்றுபோன பிறகு திரும்பப் படித்தால், அது முழுக்க முழுக்க ஜிம்மியின் கதை. டைகருக்கு உயிரைக் கொடுக்கக்கூடிய கிழவன். குடிகாரன், ஆனால் நல்லவன். லக்னர் தங்கம் என்று ஒரு வார்த்தை சொன்னதும் அவன் கண் மாறுகிறது. நண்பனை விட்டுவிட்டுப் போகிறான். டைகர் துரத்திக்கொண்டு போவது கைதி லக்னரைப் பிடிக்க மட்டும் இல்லை, ஜிம்மியைக் காப்பாற்றவும்தான்.

படத்தில் ஜிம்மியாக வருவது கோல்ம் மீனி. அருமையான நடிகர். ஆனால் அவருக்கு அந்தத் துரோகம் எழுதப்படவே இல்லை. எழுதாத காட்சியை எந்தக் கத்தரியும் கொண்டுவராது. நீங்கள் எடிட் செய்து முடித்தாலும் அதில் சூப்பர்ஸ்டிஷன் மலை இருக்கும், தங்கக் கல்லறை இருக்காது. இதைச் சொல்லிவிட்டு, செய்யுங்கள் என்றும் சொல்கிறேன். இருக்கிற அளவுக்காவது படம் நேராகட்டும்.

கருங்கல் டீச்சர்:

நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள். டைகரைப் படித்ததைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லலாம். எனக்கு இந்த யோசனையில் ஒரு இடம் உறுத்துகிறது.

‘காமிக்ஸுக்கு மரியாதை’ என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். யாருடைய காமிக்ஸ்? சார்லியே பத்திரிகைக்காரர் மாதிரி சரித்திரத்தைத் துருவித் துருவி, முடிச்சுமேல் முடிச்சு போட்டுக் கதை எழுதியவர். ஜிரோ வேறு ஆள். சின்ன வயதில் மெக்சிகோவில் தாயாரிடம் போய் மாதக்கணக்கில் இருந்தவர், அந்தப் பாலைவனம் கடைசிவரை அவரை விடவில்லை. டைகர் கதைகளில் ‘ஜிர்’ என்று கையெழுத்துப் போட்ட அதே கை, இன்னொரு பக்கம் ‘மோபியஸ்’ என்ற பெயரில் வேறு உலகங்களை வரைந்தது. 1975-ல் ‘அர்ஸாக்’ வருகிறது. ஒரு வசனம் கிடையாது. வெட்டவெளிக்கு மேலே ஒருவன் பறந்துகொண்டிருப்பான், அவ்வளவுதான்.

‘தங்கக் கல்லறை’ அதற்குச் சில வருடம் முந்தையது. ஆனால் இரண்டாம் பாகத்தில் மலைக்குள் போகும் பக்கங்களை எடுத்துப் பாருங்கள். பக்கத்தின் முழு அகலத்துக்கும் ஒரு கட்டம். அதில் பாறைகள் ஊசி ஊசியாக நிற்கும். கீழே குதிரைக்காரர்கள் விரல் நகம் அளவுக்குக்கூட இருக்க மாட்டார்கள். கோடுகள் பாறையின் வெடிப்பை மட்டும் காட்டவில்லை, அந்த இடத்தில் நிற்க முடியாத சூட்டையும் காட்டுகின்றன. மோபியஸ் அங்கே தலைகாட்ட ஆரம்பித்துவிட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

கூனென் பெரு நாட்டுக்குப் போய் ஷிபிபோ மக்களின் அயஹுவாஸ்கா என்ற மூலிகைச் சாறு குடிக்கும் சடங்குகளில் நேரடியாகக் கலந்துகொண்டவர். அந்தத் தரிசனக் காட்சிகள் அங்கிருந்து வந்தவை. அவர் காமிக்ஸை மதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கதை எழுதியவரை விட்டுவிட்டு, வரைந்தவரின் பின்னாலேயே போய்விட்டார். அதை ஒரு நிமிடமாகச் சுருக்கினால் படத்தில் உண்மையாக இருந்த ஒரே பகுதியும் போகும். மற்ற பாதியை வேண்டுமானால் வெட்டுங்கள்.

வடசேரி வாசகன்:

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டாம் பாகத்தை எடுத்து மேஜையில் விரித்து வைத்துப் பார்த்தேன். அந்த அகலக் கட்டங்களைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அதே பக்கங்களைச் சாட்சியாக வைத்துத்தான் நான் உங்களோடு வாதாட வேண்டியிருக்கிறது.

அந்தப் பாறைக் கட்டத்துக்கு ஏன் அவ்வளவு கனம்? அதற்கு முந்திய பக்கங்களில் தண்ணீர் தீர்ந்துகொண்டு வருகிறது. யார் யாரை நம்புவது என்று தெரியவில்லை. அபாச்சி செவ்விந்தியர்கள் எந்த மேட்டில் நிற்கிறார்களோ தெரியாது. இத்தனையையும் சார்லியே ஏற்றி வைத்த பிறகுதான் ஜிரோ ஒரு கட்டத்தில் பேச்சை நிறுத்துகிறார். முன்னால் ஏற்றிவைத்த பயம் இல்லாவிட்டால் அது அழகான மலைப் படம் மட்டுமே. படத்தில் கடைசித் தரிசனம் எடுபடாததற்குக் காரணம் அது தரிசனம் என்பதால் இல்லை. அதுவரை நமக்கு எதன்மேலும் பயம் வரவில்லை, யார்மேலும் அக்கறை வரவில்லை.

அதனால் இப்படிச் செய்யலாமா? தரிசனத்தை ஒரு நிமிடமாக ஆக்காமல், மூன்று நான்கு நிமிடம் விடலாம். அதற்கு முன்னால் பயணம் இறுக்கமாக வர வேண்டும். டெட்சுவோ நகாட்டா ஒளிப்பதிவில் பாலைவனக் காட்சிகள் படத்தில் தாராளமாக இருக்கின்றன, அவை எல்லாம் இப்போது தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன. சேர்த்து வைத்தால் ஜிரோவின் பக்கம் மாதிரி வரும் என்று நம்புகிறேன்.

கருங்கல் டீச்சர்:

நான்கு நிமிடம் என்றால் சம்மதம். ஆனால் எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது நானும் கூட இருப்பேன்.

மார்த்தாண்டம் ஸ்டுடியோ:

கல்யாண வீடியோவும் விளம்பரமும் செய்து பிழைக்கிறவன் நான். காட்சியை வெட்டுவதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள், சத்தத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மறுஎடிட் பல்லிளிப்பது எப்போதும் சத்தத்தில்தான்.

ஒரு காட்சியை நடுவில் வெட்டினால் பின்னணி இசையும் நடுவில் அறுந்துவிடும். கண் மன்னித்துவிடும், காது விடாது. இந்தப் படத்தில் சடங்குப் பாட்டுகள் ஒரு காட்சியில் தொடங்கி அடுத்த காட்சிக்குள் போய் முடிகிற இடங்களில் கஷ்டம் இன்னும் அதிகம். இதற்கு வழி உண்டு. டிஸ்க்கில் 5.1 ஒலி இருந்தால் ஆறு தடங்களையும் தனித்தனியாகப் பிரிக்கலாம். வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கும். இசை இடது, வலது, பின்பக்கத் தடங்களில் பரவியிருக்கும். நடுத் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இறக்கிவிட்டால், வசனம் கிட்டத்தட்டச் சுத்தமாகக் கையில் வரும். இசையும் வசனமும் ஒட்டிக்கிடக்கிற இடத்துக்கு இப்போது குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. குரலில் கொஞ்சம் தகரச் சத்தம் கலக்கும், பரவாயில்லை.

அப்படி இசையை எடுத்துவிட்ட இடம் செத்துப்போன அமைதியாக இருக்கும். பாலைவனத்தில் காற்று வேண்டும், குதிரை மூச்சு வேண்டும். அதை நாம்தான் போட வேண்டும்.

இன்னொன்று. ஐரோப்பிய டிவிடி வைத்திருக்கிறவர்கள் அதைக் கொண்டுவர வேண்டாம். அது நொடிக்கு 25 பிரேமில் ஓடும். 124 நிமிடம் 119 நிமிடமாகிவிடும், எல்லோர் குரலும் லேசாகக் கீச்சென்று ஏறும். 24 பிரேமில் இருக்கும் ப்ளூரே கிடைத்தால் பாதி வேலை மிச்சம். எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவச வடிவமே போதும்.

வக்கீல் வடசேரி:

சுருக்கமாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. அதன் 52-ஆவது பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஸ்க்கின் பாதுகாப்புப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. படைப்பாளியின் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் அவர் தடுக்கலாம் என்கிறது 57-ஆவது பிரிவு. ஆகவே சொந்தக் காசில் வாங்கிய டிஸ்க், சொந்த வீட்டு அறை, எங்கும் பதிவேற்றம் கிடையாது, யாருக்கும் பென்டிரைவில் கொடுப்பது கிடையாது. டிக்கெட், நன்கொடை என்ற பேச்சே கூடாது. இந்த எல்லைக்குள் நின்றுகொள்ளுங்கள்.

குளச்சல் ஜிம்மி ரசிகன்:

எல்லாரும் சொன்னதைப் படித்தேன் மக்கா. எனக்கு இரண்டு யோசனை.

ஒன்று, அண்ணாச்சி சொன்ன ஜிம்மி விஷயம். துரோகக் காட்சி படத்தில் இல்லைதான். ஆனால் காமிக்ஸில் இருக்கிறதே. அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து, கேமரா மெதுவாக நகர்வது மாதிரி வைத்து, இடையில் சேர்த்தால் என்ன? இரண்டு நிமிடத்தில் ஜிம்மி முழுசாக வந்துவிடுவான்.

இரண்டு, தமிழ் சப்டைட்டில் நாம்தானே எழுதப்போகிறோம். படத்தின் வசனம் ஆங்கிலம். முன்கதையை வெட்டினாலும் வசனத்தில் அந்தப் பழைய காதலைப் பற்றிப் பேச்சு வரும். சப்டைட்டிலில் அதைத் தங்கத்தைப் பற்றிய பேச்சாக மாற்றிவிட்டால் கதை காமிக்ஸ் பக்கம் திரும்பிவிடும்.

கோட்டாறு அண்ணாச்சி:

ஜிம்மிக்காக யோசித்ததற்கு நன்றி தம்பி. முதல் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஸ்கேன் வேண்டாம். தமிழில் இந்தப் புத்தகங்களைச் சிவகாசியில் இருந்து இத்தனை வருடமாக நமக்குக் கொடுத்துக்கொண்டிருப்பது ஒரு சின்ன நிறுவனம். முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியது, நம்மை மாதிரி வாசகர்கள் வாங்குவதால் மட்டும் நிற்கிறது. அதன் பக்கங்கள் ஒரு வீடியோ கோப்புக்குள் போய், அந்தக் கோப்பு எப்படியோ வெளியே போய்விட்டால், நாம் மரியாதை செய்ய நினைத்த இடத்துக்கே நஷ்டம். அதைவிட, படத்தை அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்து ஒருவர் சத்தமாகப் படிக்கலாம். எல்லோரும் புத்தகத்தோடு வந்தால் போதும்.

சப்டைட்டிலை மாற்றுவதை நான் எதிர்க்கிறேன். வெட்டுவது நம் கருத்து, பார்க்கிறவனுக்கு அது வெட்டு என்று தெரியும். நடிகர் ஒன்று பேச நாம் கீழே வேறொன்று எழுதினால், ஆங்கிலம் சரியாகப் புரியாத ஒரு பையனை ஏமாற்றுகிறோம். நம் ஊரில் எத்தனை பேர் இந்தக் கதைகளைத் தமிழில் மட்டுமே படித்தவர்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் கீழே வரும் வரியைத்தான் நம்பி உட்கார்ந்திருப்பார்கள்.

தக்கலைத் தம்பி:

அண்ணாச்சி சொல்வதோடு ஒத்துப்போகிறேன். கூடவே ஒன்று. ‘சூப்பர்மேன் 2’-ஐ ரிச்சர்ட் டோனரின் வடிவத்தில் 2006-ல் வெளியிட்டபோது, படமாக்காமல் விட்ட ஒரு காட்சிக்கு நடிகர்களைத் தேர்வு செய்ய எடுத்த சோதனைப் பதிவை எடுத்து அப்படியே வைத்தார்கள். முடியும் உடம்பும் மாறியிருப்பது பார்த்தாலே தெரியும். அவர்கள் மறைக்கப் பார்க்கவில்லை, ரசிகர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஓட்டை இருக்கிற இடத்தை ஓட்டையாகவே காட்டலாம். படத்தை நிறுத்திவிட்டுப் படிப்பது எனக்கு ரொம்பச் சரியாகப் படுகிறது.

வடசேரி வாசகன்:

சரி, ஸ்கேனும் இல்லை, சப்டைட்டில் மாற்றமும் இல்லை. முதல் பகுதியை அடுக்கிப் பார்த்துவிட்டேன், அதைச் சொல்கிறேன்.

முன்கதையை எடுத்ததும் நான் பயந்தது பிளவுண்ட் பாத்திரத்தை நினைத்து. மைக்கேல் மேட்சன் செய்திருக்கும் வில்லன். படத்தில் அவனுக்கும் டைகருக்கும் பகை முழுக்க அந்தப் பழைய காதலில்தான் இருக்கிறது. காமிக்ஸில் அவன் பரிசுப்பணத்துக்கும் தங்கத்துக்கும் அலைகிறவன், அவ்வளவே. முன்கதை போன பிறகு பிளவுண்ட் திரும்பி வந்திருக்கிறான் என்று டைகருக்குத் தெரியும் இடத்தைப் போட்டுப் பார்த்தேன். கஸெலின் முகம் அதே முகம். ஆனால் நமக்குக் காதலி நினைவில் இல்லாததால், அந்த முகத்தில் வேறொன்று தெரிகிறது: இந்த ஆள் எங்கே போனாலும் பிணம் விழும் என்று அறிந்த ஒரு மார்ஷல். காமிக்ஸ் டைகர் அப்படித்தான் பார்ப்பார். மூக்கு உடைந்த, சூதாடுகிற, மேலதிகாரி பேச்சைக் கேட்காத அந்த டைகர் ஒரு நொடி திரையில் நின்றார்.

பின்னால் பழைய காதலைப் பேசும் வசனங்களை எடுக்க முடிந்த இடத்தில் எடுத்திருக்கிறேன். எடுக்க முடியாத இரண்டொரு வரி அப்படியே இருக்கிறது. டைகருக்கு ஏதோ ஒரு பழைய வலி உண்டு என்பதோடு நிற்கிறது, உறுத்தவில்லை. கடைசி நான்கு நிமிடத்தைத் தொடவில்லை, டீச்சர் வந்த பிறகுதான்.

ஆரல்வாய்மொழி:

வெகுநாளாக இங்கே படிக்கிறேன், இன்றுதான் எழுதுகிறேன். ஸ்டுடியோக்காரர் காற்றுச் சத்தம் வேண்டும் என்றார். என் வீடு கணவாய்ப் பக்கம். தென்மேற்குப் பருவத்தில் மலை இடுக்கில் புகுந்து வருகிற காற்று முப்பந்தல் வெட்டவெளியில் எப்படி அடிக்கும் என்று நம் ஜில்லாவில் யாருக்கும் சொல்ல வேண்டாம். அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான்.

நேற்று சாயங்காலம் சின்ன ரெக்கார்டரோடு போனேன். காற்றாலை பக்கத்தில் இறக்கையின் வீச்சுச் சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறது, அது படத்துக்கு ஆகாது. அதனால் மலை அடிவாரத்தில், பாறையும் உடைமுள்ளும் கிடக்கிற இடத்துக்குப் போய் எடுத்தேன். மைக்குக்குப் பஞ்சு உறை மட்டும் போதவில்லை, மேலே ஒரு பழைய கம்பளித் தொப்பியைப் போட்டுவிட்டுப் பாறைக்கு இந்தப் பக்கம் வைத்தேன். காற்று மைக்கில் நேராக மோதாமல், முள்ளில் உரசுவதும் பாறை விளிம்பில் ஊளையிடுவதும் தனியாக விழுந்திருக்கிறது. நடுவில் ஒரு லாரி ஹாரன் வரும், அதை வெட்டிக்கொள்ளுங்கள். தோதாக நீளமாகவே எடுத்திருக்கிறேன்.

மார்த்தாண்டம் ஸ்டுடியோ:

அண்ணே, ஹாரன் ஒரு பிரச்சினையே இல்லை. கோப்பை எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே கொண்டுவாருங்கள். முடிந்தால் இன்னொரு தடவை போகும்போது காற்று அடங்குகிற நேரத்திலும் கொஞ்சம் பிடித்துவாருங்கள். குகைக்குள் நுழையும் இடத்தில் வெளிக்காற்று சன்னமாகக் கேட்க வேண்டும், பலமான காற்றைச் சத்தம் குறைத்துப் போட்டால் அது வராது.

வாசகன் அண்ணே, உங்கள் டைம்லைனை 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து ஆறு தடத்தையும் பிரித்து அனுப்புங்கள், முதல் 20 நிமிடத்தின் ஒலியை நான் இந்த வாரம் தொடங்குகிறேன். டீச்சர் வரும் நாளைச் சொன்னால் கடைசி ரீலை அன்றைக்கு ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இருக்கிறது, திங்கள் சாயங்காலம் என்றால் எனக்குத் தோது.

கருங்கல் டீச்சர்:

திங்கள் வருகிறேன். இரண்டாம் பாகத்தையும் கொண்டுவருகிறேன். அண்ணாச்சியும் வாருங்கள், ஜிம்மி பக்கத்தை நீங்கள்தான் படிக்க வேண்டும்.